சித்திரையில் பார்க்க வேண்டிய சுவர்

மகளே, கார்த்திகை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அரியலூரில் நீ வாங்கப் போகும் எட்டு வீட்டுக் கட்டிடத்தின் வாசலில் நின்றுகொண்டு, அதன் உரிமையாளரிடம் என்னைக் காட்டி, "அம்மா சும்மா கூட வந்தாங்க சார்" என்று சொன்னாய். அது தவறு. நான் சும்மா வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கட்டிட வேலை பார்த்தவள் நான். அதில் பதினான்கு வருஷம் சித்தாளாகக் கலவை சுமந்தேன். மீதி வருஷங்கள் சொந்தமாக நாலு ஆள் வைத்துக்கொண்டு, பழைய வீடுகளுக்கு மராமத்துக் காண்ட்ராக்ட் எடுத்தேன். அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் பெரம்பலூரிலும் நான் உடைத்துப் பூசாத தெரு குறைவு. உன் காலேஜ் படிப்பு அதில்தான் வந்தது. நீ அதை மறந்துவிட்டாய் என்று நான் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு முன்னால் சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தது. தவறு என்று நான் சொல்வது அந்தக் கூச்சத்தைத்தான்.

அவர் சிரித்த முகமாக, "அப்படீங்களா, உக்காருங்கம்மா, ஏன் வெயில்ல நிக்கிறீங்க" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். முந்தின நாள் பெய்த மழையில் தரை இன்னும் ஈரம் காயவில்லை. வெயில் என்று அங்கே எதுவும் இல்லை. நான் உட்கார்ந்தேன். நீயும் மாப்பிள்ளையும் புரோக்கரும் மாடி ஏறிப் போனீர்கள். அரை மணி நேரத்தில் இறங்கி வந்து, "பில்டிங் நல்லா இருக்கும்மா, ஒரு கீறல்கூட இல்ல" என்றாய். ஒரு கீறல்கூட இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. இருபது வருஷக் கட்டிடம், அதுவும் கரிசல் மண்ணில் நிற்பது, ஒரு கீறல்கூட இல்லாமல் எப்படி இருக்கும்? அதை நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் வாயை மூடிக்கொண்டேன். அது என் தவறு. நானே எழுதிவிடுகிறேன், பின்னால் நீ சொல்லிக்காட்ட வேண்டாம்.

போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். அந்த "சரிம்மா"வுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை கேட்டால் "தரேன் தரேன்" என்பாரே, அது மாதிரி. அதனால்தான் கடிதம். என் எழுத்தைப் பார்த்து மாப்பிள்ளை சிரிக்கலாம், பரவாயில்லை. நான் எழுத்துக் கூட்டியது சிமெண்ட் மூட்டையில். மூட்டையை இறக்கி வைக்கும்போது மேஸ்திரியிடம் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கற்றேன். பத்திரம் படிக்கிற அளவுக்கு அது போதுமானதாக இருக்கிறது. தை ஐந்தாம் தேதி நீ அக்ரிமெண்ட்டில் கையெழுத்துப் போடுவதாக இருக்கிறாய். உங்கள் இரண்டு பேருடைய பன்னிரண்டு வருஷச் சேமிப்பும், இனிமேல் பதினைந்து வருஷம் கட்டப் போகும் பேங்க் கடனும் அந்தக் கையெழுத்தில் இருக்கின்றன. அதற்கு முன்னால் இதை ஒரு தடவை முழுக்கப் படி.

நீ இங்கேதான் வளர்ந்தாய் என்றாலும் நம் மண்ணைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. கரிசல் மண் மழைக்கு ஊறி உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். பங்குனியில் காட்டில் நடந்தால் வெடிப்பில் செருப்பு மாட்டிக்கொள்ளும். கட்டிடத்துக்கு அடியில் கிடப்பதும் அதே மண்தான். கடைக்கால், அதாவது அஸ்திவாரம், அந்தக் கரிசலைத் தாண்டி, கீழே கெட்டியாக இருக்கும் சுக்காம்பாறையில் போய் உட்கார்ந்திருந்தால் கட்டிடம் அசையாது. ஆழம் போதாமல் மேலோடு நின்றிருந்தால், மண் ஏறும்போது கட்டிடமும் ஏறும், இறங்கும்போது இறங்கும். சித்திரையில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடும். ஐப்பசி மழையில் மண் உப்பியதும் அது தானாக மூடிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் பட்டி மாவு குழைத்து வைத்துத் தேய்த்து, இரண்டு கை பெயிண்ட் அடித்துவிட்டால், கட்டின கொத்தனாருக்கே அடையாளம் தெரியாது.

இப்போது நம் பக்கத்து ஆட்கள் வீடு வாங்கும் முறையைக் கவனி. ஆடியில் வாங்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் சுற்றிப் பார்ப்பார்கள். மார்கழியில் பேச்சை நிறுத்திவைப்பார்கள். தை பிறந்ததும் முன்பணம் கொடுத்து, மாசி, பங்குனிக்குள் கிரயத்தை முடித்துவிடுவார்கள். அதாவது, விரிசல் மூடியிருக்கிற மாதத்தில் சுவரைப் பார்த்துவிட்டு, அது திறப்பதற்கு முந்தின மாதத்தில் முழுப் பணத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். விற்கிறவருக்கு இதைவிட வசதியாக யாராலும் பஞ்சாங்கம் எழுதித் தர முடியாது. நல்ல மாதம் பார்ப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. தையில் வாங்குகிறவர்கள் முந்தின சித்திரையில் சுவரைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறேன். இதைப் போனில் சொன்னபோது, "எல்லாரும் அப்படித்தாம்மா வாங்குறாங்க" என்றாய். அந்த எல்லாருடைய வீட்டுக்கும் அடுத்த வைகாசியில் மராமத்துப் பார்க்கப் போனவள் நான்தான்.

நீ சென்னைக்கு ரயில் ஏறிய மறுவாரம் நான் தனியாக அந்தக் கட்டிடத்துக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. கையில் ஒரு கட்டைப்பையோடு, வாடகைக்கு வீடு தேடி வந்தவள் போலப் போனேன். கீழ்வீட்டில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"வூடு ஏதாச்சும் காலியா இருக்காம்மா?"

"மேல ஒண்ணு காலியாவும்னு சொல்றாங்கக்கா. கீழ மட்டும் கேக்காதீங்க."

"ஏன், கொசுவா?"

"கொசு எல்லா ஊர்லயும் இருக்கு. கீழ் வூடு கார்த்திகையில வந்து பாத்தா மாளிகை. சித்திரையில வந்து பாருங்க. பக்கத்து வூட்டு டீவி சத்தம் அப்படியே கேக்கும். நாங்க ஒரு மாசம் கேபிளுக்குப் பணமே கட்டல, காதாலயே நாடகம் பாத்துட்டோம்."

நான் சிரித்துவிட்டேன். அவள் என்னை உள்ளே கூட்டிப்போய், சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை ஒரு கையால் தூக்கிக் காட்டினாள். புதுப் பெயிண்டைக் காலண்டரைச் சுற்றி அடித்திருந்தார்கள். அதன் பின்னால் மட்டும் பழைய சுவர், அந்தப் பழைய சுவரின் நடுவே சாய்வாக ஒரு தழும்பு. வெள்ளை, சாம்பல், மறுபடி வெள்ளை என்று ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பட்டி. மூன்று கோடைகள்.

"வருஷா வருஷம் ஐப்பசியில ஆளு வந்து பட்டி வச்சிட்டுப் போவாங்க. இந்த வருஷம் காலண்டரைக் கழட்டச் சொன்னாங்க. சாமி படம் போட்டது, வருஷம் முடியாம கழட்ட மாட்டேன்னுட்டேன்."

அதற்கு மேல் பொய்யாக நிற்க எனக்கு மனசு வரவில்லை. என் பெண் இந்தக் கட்டிடத்தை வாங்கப் போகிறாள் என்று சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "அக்கா, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்க அட்வான்ஸ் அவருகிட்டதான் கெடக்கு" என்றாள். அவள் பெயரையோ கீழே எந்த வீடு என்பதையோ உனக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் பயந்த பயத்தில் உனக்கு ஒரு விஷயம் இருக்கிறது. எட்டு வீட்டு அட்வான்ஸும் அவரிடம் இருக்கிறது. கட்டிடம் உன் பெயருக்கு வந்த மறுநாள் அவர்கள் உன்னிடம்தான் கேட்பார்கள். அதைப் பற்றி உன் அக்ரிமெண்ட்டில் ஒரு வார்த்தைகூட இல்லை.

திரும்பும்போது கொல்லைப் பக்கம், பிளம்பர் அறுத்துப் போட்ட பழைய இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். ஒரு அங்குலக் குழாய், உள்ளே பென்சில்கூட நுழையாது. சுண்ணாம்புக் கல் வெட்டுகிற ஊரில் தண்ணீரும் சுண்ணாம்பாகத்தானே இருக்கும். இருபது வருஷம் படிந்து படிந்து அடைத்திருக்கிறது. அந்தத் துண்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை பொங்கலுக்கு வரும்போது ஊதிப் பார்க்கச் சொல்.

உரிமையாளருடைய இன்ஜினியர் ஒரு பக்கத்தில் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். பெயிண்ட், குழாய் சில்லறை வேலை, மொத்தம் நாலு லட்சம். விற்கிறவர் கூட்டிவந்த ஆள் போடுகிற எஸ்டிமேட்டை வாங்குகிறவர் நம்பக் கூடாது. அவருக்குக் கூலி கொடுப்பது யார் என்று மட்டும் யோசி. அவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறார். சதுர அடிக் கணக்கு புதுக் கட்டிடத்துக்கு. பழைய கட்டிடத்துக்கு அப்படிப் போடக் கூடாது. ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் எதை உடைக்க வேண்டும், உடைக்க எத்தனை ஆள், இடிசலை அள்ளிக் கொட்ட டிராக்டர் எத்தனை நடை, குழாய் எத்தனை அடி, வயர் எத்தனை சுருள், பூச எத்தனை நாள் என்று எழுத வேண்டும். அதை எட்டால் பெருக்க வேண்டும். மொட்டை மாடித் தளமும் தண்ணீர்த் தொட்டியும் செப்டிக் டேங்கும் தனி. எல்லாம் கூட்டி வந்ததற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு போட வேண்டும், ஏனென்றால் உடைத்த பிறகுதான் தெரிகிற வேலை என்று ஒன்று எப்போதும் இருக்கும். வேலை நடக்கிற மாதங்களில் வாடகை வராது, பேங்க் தவணை மட்டும் வரும். அதையும் செலவில் எழுது. நான் அப்படி எழுதிப் பார்த்தேன். பதினைந்து லட்சத்துக்குக் கீழே வரவில்லை. கடைக்காலே மேலோடு நிற்கிறது என்று தெரிந்தால் இந்தக் கணக்கையும் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்பாய். அந்தப் பட்டி வைக்கிற வேலையை நானே செய்திருக்கிறேன். நீ பத்தாவது படித்த வருஷம். ஜெயங்கொண்டத்தில் ஒருவர் தன் வீட்டை விற்பதற்காக ஐப்பசியில் என்னைக் கூப்பிட்டார். சுவரெல்லாம் மூடின விரிசல். "அம்மா, கண்ணுக்குத் தெரியாம பண்ணிக் குடுத்துடுங்க" என்றார். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன், நன்றாகவும் செய்தேன். ஒரு முந்திரி வியாபாரி தையில் அந்த வீட்டை வாங்கினார். வைகாசியில் அவரும் அவர் சம்சாரமும் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நீ உள்ளேதான் இருந்தாய், உனக்கு நினைவிருக்கும்.

"நீங்கதானம்மா பூசுனது?" என்று கேட்டார்.

"ஆமாங்க. சொன்ன வேலையச் செஞ்சேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"உங்களை எனக்கு யாருன்னு தெரியாதுங்க."

அவர் சத்தம் போடவில்லை. அந்த அம்மாதான், "எங்களத் தெரியாது, சரி. செவுரத் தெரியும்ல?" என்று கேட்டாள். அவர்கள் கையில் விற்றவரைப் பிடிக்க ஒரு காகிதமும் இல்லை. உள்ளது உள்ளபடி பார்த்து வாங்கியதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடைசியில் அந்தச் சுவரைச் சரிசெய்யவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு பக்கச் சுவரை இடித்து, கடைக்காலை ஆழப்படுத்தி, வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குத் தளம் போட்டு, மழைத்தண்ணீர் அடிமண்ணுக்குப் போகாமல் கட்டிக் கொடுத்தேன். அந்த வேலைக்குப் பாதிக் கூலி வாங்கிக்கொண்டேன். கூலியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பட்டி வைத்தது முதல் தவறு என்றால் இது இரண்டாவது. அதற்குப் பிறகு விற்பனைக்காகப் பட்டி வைக்கிற வேலையை நான் எடுத்ததில்லை. அந்த அம்மா கேட்ட கேள்வியை உன்னிடம் யாரும் கேட்கக் கூடாது. நீயும் நாளைக்கு இன்னொருவருக்கு அந்தக் கட்டிடத்தைப் பெயிண்ட் அடித்துத் தள்ளிவிடும் நிலைமைக்கு வரக் கூடாது.

அக்ரிமெண்ட் நகலை மாப்பிள்ளை போனில் அனுப்பினாரே, அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிய எழுத்தில் எடுத்துப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். "சொத்தை நேரில் பார்வையிட்டு, உள்ளது உள்ளபடி திருப்தியடைந்து" என்று ஒரு வரி. அந்த முந்திரி வியாபாரி கையெழுத்துப் போட்டதும் இதே வரிதான். "மூன்று மாதத்துக்குள் கிரயம் முடிக்கத் தவறினால் வாங்குபவர் முன்பணத்தை இழந்துவிட வேண்டியது" என்று இன்னொரு வரி. விற்பவர் தவறினால் என்ன என்று தேடிப் பார்த்தேன். அதற்கு வரியே இல்லை. தை ஐந்திலிருந்து மூன்று மாதம் எண்ணிப் பார்: சித்திரை ஐந்து. சுவர் வாயைத் திறக்கும்போது நீ முழுப் பணத்தையும் கொடுத்து முடித்திருப்பாய். கொடுக்காவிட்டால் முன்பணம் போயிருக்கும். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அந்தச் சுவரைத் தெரியும், உனக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

புரோக்கர் நேற்று எனக்கே போன் பண்ணினார். "பொண்ணுகிட்ட சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கம்மா. பெரம்பலூர்லேருந்து ஒரு பார்ட்டி கையில பணத்தோட நிக்குது" என்றார். "ஒரு மாசமா நிக்குதே, கால் வலிக்காதா? உக்காரச் சொல்லுங்க. அங்க ஒரு பிளாஸ்டிக் சேர் கெடக்கு" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அப்படி ஒரு பார்ட்டி உண்மையாகவே இருந்து வாங்கிக்கொண்டால் வாங்கிக்கொள்ளட்டும். உன் பணம் உன்னிடம் இருக்கும். எட்டு வீட்டுக் கட்டிடம் இது ஒன்றுதானா இந்த ஊரில்? நீ வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டிடம் இருக்கிற இடம் நல்ல இடம். சிமெண்ட் பேக்டரிக்கு வேலைக்கு வருகிறவர்கள் வாடகைக்குக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கடைக்கால் சரியாக இருந்தால், விலையில் மராமத்துச் செலவைக் குறைத்தால், நானே முன்னால் நின்று வேலையை முடித்துத் தருவேன்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். தை ஐந்தாம் தேதி நீ கையெழுத்துப் போட வேண்டாம். முகூர்த்தம் தை முழுக்க இருக்கிறது. வக்கீல் நீயே பார்த்துப் பிடித்தவராக இருக்க வேண்டும். புரோக்கர் சொல்லும் வக்கீல் வேண்டாம். உன் வக்கீல் "உள்ளது உள்ளபடி" என்ற வரியை எடுக்க வேண்டும். கெடு வைகாசிக் கடைசி வரை என்று மாற்ற வேண்டும். விரிசல் திறந்தாலோ, கடைக்கால் சுக்காம்பாறை வரை போகவில்லை என்று தெரிந்தாலோ, முன்பணம் முழுவதும் முப்பது நாளில் திரும்ப வர வேண்டும் என்று எழுத வேண்டும். விற்பவர் தவறினால் என்ன என்பதையும் எழுத வேண்டும். எட்டு வீட்டு அட்வான்ஸையும் கிரயத் தொகையில் கழிக்க வேண்டும். மாப்பிள்ளை நகராட்சி ஆபீஸுக்குப் போய், அனுமதி வாங்கிய வரைபடத்தில் எத்தனை மாடி, எத்தனை வீடு என்று தன் கண்ணால் பார்த்து வர வேண்டும். வில்லங்கச் சான்று விற்பவர் கொடுக்கும் நகலாக இருக்கக் கூடாது. நீயே மனுப் போட்டு எடுக்க வேண்டும். உரிமையாளர் கட்டிடத்தின் வடகிழக்கு மூலையில், கடைக்கால் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க, ஆறடிக்குக் குழி வெட்ட எழுத்தில் சம்மதம் தர வேண்டும். வெட்டுகிற ஆளும் மூடுகிற ஆளும் என்னுடையவர்கள், கூலி என்னுடையது.

தையிலேயே நான் போய், உரிமையாளர் சம்மதத்தோடு, கீழே இருக்கும் நான்கு வீட்டுச் சுவர்களிலும், விரிசல் ஓடும் இடத்தின் குறுக்கே வீட்டுக்கொரு கண்ணாடிச் சில்லைச் சிமெண்ட் வைத்து ஒட்டி, அதில் தேதி எழுதிவிட்டு வருவேன். சுவர் அசையவில்லை என்றால் சில்லு அப்படியே இருக்கும். அசைந்தால் உடையும். அதற்கு என் வாய்ச் சொல்லும் வேண்டாம், அவருடைய இன்ஜினியர் சொல்லும் வேண்டாம். நான்கும் முழுசாக இருந்தால், நான் சொன்னது தப்பு என்று அவர் முன்னாலேயே ஒத்துக்கொள்கிறேன்.

சித்திரை இருபதாம் தேதி நீ ரயிலில் வர வேண்டும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கண்ணாடிகளைப் பார்க்கப் போவோம். அந்த மனிதர் மறுபடியும் நாற்காலியை இழுத்துப் போடுவார். நான் உட்கார மாட்டேன். நான் யார் என்று அவரிடம் சொல்ல வேண்டியது நீ.